மூன்று ரூபாயோடு கிளம்பியவர்

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தினமும் அண்ணாமலையைப் பார்க்கிறீர்கள். பௌர்ணமிக்குக் கிரிவலமும் போய் வருகிறீர்கள். ஆனால் மலைமேல் இருக்கும் விரூபாட்ச குகைக்கும் ஸ்கந்தாசிரமத்துக்கும் போனதில்லை என்று நம் குடியிருப்பிலேயே பலர் சொல்கிறார்கள். போவதற்கு முன் அங்கே வாழ்ந்தவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தார். இயற்பெயர் வேங்கடராமன். அப்பா 1892-ல் காலமானதும் மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். 16 வயதில் திடீரென்று வந்த மரண பயம் அவரைப் புரட்டிப் போட்டது. 1896 ஆகஸ்ட் 29 அன்று வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார்.

வங்கியில் கணக்கு எழுதியே காலம் தள்ளியவன் நான். அதனால் இந்த இடம்தான் எனக்கு எப்போதும் பிடிக்கும். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டார். மீதி 2 ரூபாயை வைத்து, கட்டணம் இன்னும் கட்டவில்லை என்று சீட்டும் எழுதி வைத்தார். வழியில் காசு தீர்ந்தது. கீழூரில் காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தார். பிறகு அந்த விலாசச் சீட்டையே கிழித்துப் போட்டார். மீட்கும் எண்ணமே இல்லை! செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து அருணாசலேஸ்வரரைத் தரிசித்தார். கையில் மிச்சமிருந்த காசு அய்யங்குளத்துக்குள் போனது.

இரண்டு வருஷம் கழித்து அம்மா அழகம்மாள் மகனைத் தேடி வந்தார். பவளக்குன்றில் நாள்தோறும் அழுது கூப்பிட்டும் மகன் வாய் திறக்கவில்லை. நடக்க வேண்டியது நடந்தே தீரும் என்ற பொருளில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததோடு சரி. அம்மா அவரை அழைத்துப் போக முடியாமலே திரும்பினார். பெற்றவர்களுக்கு இதைப் படிக்கும்போது மனசு கனக்கும். எனக்கு இன்றும் கனக்கிறது.

1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையில் இருந்தார். ஒரு சமயம் பார்க்க வருகிறவர்களிடம் அங்கே காசு வசூலித்தார்கள். ரமணர் எதுவும் பேசாமல் வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

1916-ல் அம்மா மறுபடியும் வந்தார். இந்த முறை மகனோடு தங்குவதற்கு. அதே வருஷம், கந்தசாமி என்ற அடியார் உழைத்துச் சீராக்கிய மேல் இடத்துக்கு எல்லோரும் குடிபோனார்கள். அவர் பெயரால்தான் அது ஸ்கந்தாசிரமம். அதுவரை ஊருக்குள் பிச்சை எடுத்து வந்ததைத்தான் பகிர்ந்து சாப்பிட்டார்கள். அம்மா வந்தபின் அங்கே அடுப்பு எரிந்தது.

1922 மே 19. அம்மாவின் நெஞ்சில் ஒரு கையும் தலையில் ஒரு கையும் வைத்தபடி, உயிர் பிரியும்வரை மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். உடலை எரிக்காமல் மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். ரமணர் மேலிருந்து அடிக்கடி இறங்கி வந்து போனார். அந்த டிசம்பரில் ஒரு நாள் வந்தவர் மேலே திரும்பவில்லை. அந்தச் சமாதியைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய ரமணாசிரமம். 1950 ஏப்ரல் 14 அன்று அவர் மறைந்ததும் அங்கேதான்.

ஆசிரமத்தின் பின்பக்கப் பாதையில் ஏறினால் முதலில் ஸ்கந்தாசிரமம். அங்கிருந்து கொஞ்சம் இறங்கினால் விரூபாட்ச குகை. அப்படியே கீழே வந்தால் கோயில் பக்கம் வந்து சேரலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் நின்று நின்று ஏறுங்கள். வெயிலுக்கு முன் கிளம்புங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். தின்பண்டப் பையை மட்டும் குரங்குகள் கண்ணில் காட்ட வேண்டாம்.