ஐம்பதில் தொடங்கிய இளமை

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பிள்ளை வளர்ப்புக்காகச் சொல்லப்பட்ட இவ்வார்த்தையை நம்மவர்கள் தமது முதுமைக்கு ஒரு சாட்டாக்கிக் கொண்டனர். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே சாய்மனைக் கதிரையைத் தேடுவதும், புதிதாக எதையும் கற்க இனி வயதில்லை என்று கைவிரிப்பதும், மருந்துப் போத்தல்களை எண்ணிப் பொழுது போக்குவதும் நமது சமூகத்தில் வழமையாகிவிட்டன. உடல் மூப்படைவதற்கு முன்னரே உள்ளம் மூப்படைந்து விடுகின்றது.

அச்சுவேலிப் பகுதியின் செம்மண் தோட்டங்களுக்குச் செல்வோர் இதற்கு மாறானதொரு காட்சியைக் காணலாம். எழுபது வயதைக் கடந்த கமக்காரர்கள் விடியற்காலையிலேயே தண்ணீர் மாறிக் கட்டுவதும், வெங்காயப் பாத்திகளில் களை பிடுங்குவதும் அங்கு அன்றாடக் காட்சிகள். அவர்களுக்கு ஓய்வு பெறும் வயது என்று ஒன்று இல்லை. உடலுழைப்பால் இளமையைக் காத்து நிற்கும் அம்முதியோரைப் போன்று, அறிவுழைப்பால் இளமையைக் காத்தவர் ஒருவரும் இதே வட்டாரத்திலே பிறந்திருக்கின்றார். அச்சுவேலியிலிருந்து தெற்கே புத்தூரைக் கடந்து சென்றால் வரும் சிறுப்பிட்டிக் கிராமமே அவரது பிறப்பிடம். பழந்தமிழ் நூல்களை ஏட்டுச் சுவடிகளிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களையே நாம் குறிப்பிடுகின்றோம்.

1832 ஆம் ஆண்டு செப்டெம்பர் 12 ஆம் நாள் வைரவநாதருக்கும் பெருந்தேவிக்கும் மகனாகப் பிறந்த அவர், தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டை செமினரியிலும் கல்வி பயின்றார். கோப்பாயில் சிறிது காலம் ஆசிரியராகப் பணியாற்றினார். 1854 இல், இருபத்திரண்டு வயதளவில், நீதிநெறி விளக்கத்தை உரையுடன் பதிப்பித்தார். பின்னர் சென்னைக்குச் சென்று, பேர்சிவல் பாதிரியார் நடத்திய தினவர்த்தமானி பத்திரிகையில் பணிபுரிந்தார். 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாக நடத்திய பி.ஏ. பரீட்சையில் தேறிய இருவருள் அவர் முதல்வரானார். உடன் தேறிய விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவரே. அதன் பின் கோழிக்கோட்டில் ஆசிரியப் பணி, சென்னை அரசாங்கக் கணக்குத் துறையில் உத்தியோகம் எனப் படிப்படியாக உயர்ந்தார். கணக்குப் புத்தகங்களுக்கு நடுவே சட்டம் பயின்று 1871 இல் பி.எல். பட்டமும் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பதை எட்டியிருந்தது. இக்காலத்திலேயே முப்பத்தொன்பதில் பரீட்சை எழுதச் செல்வோரை நாம் வியப்புடன் நோக்குகின்றோம். அக்காலத்தில் அது எவ்வளவு அரிதாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1882 இல் அவர் அரசாங்கச் சேவையிலிருந்து ஓய்வு பெற்றார். வயது ஐம்பது. பட்டமும் பதவியும் ஓய்வூதியமும் உண்டு. எஞ்சிய நாளைச் சுகமாகக் கழித்திருந்தாலும் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆயின் தமிழுலகம் இன்று அவரை நினைவு கூர்வதற்குக் காரணமான பணிகளில் மிகப் பெரும்பாலானவை அந்த ஆண்டுக்குப் பின்னரே நிகழ்ந்தவை என்பதை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1883 இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887 இல் கலித்தொகையும், 1889 இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும், 1891 இலும் 1892 இலும் தொல்காப்பியத்தின் எழுத்ததிகார, சொல்லதிகாரப் பகுதிகள் நச்சினார்க்கினியர் உரையுடனும் வெளிவந்தன. எட்டுத்தொகை நூல்களுள் முதலில் அச்சேறியது அவர் பதிப்பித்த கலித்தொகையே. இவற்றுக்கிடையே கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும், 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் கடமையாற்றினார்.

ஏடு பதிப்பிப்பது எத்தகைய வேலை என்பதை இன்றைய தலைமுறையினர் அறிவது நன்று. பனையோலையில் எழுத்தாணியால் எழுதப்பட்ட எழுத்துக்களுக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் தெரியா. ரகரத்துக்கும் காலுக்கும் உருவம் ஒன்றே. செய்யுள் எங்கே முடிகின்றது, உரை எங்கே தொடங்குகின்றது என்று பிரித்தறிவதும் எளிதன்று. செல்லரித்த ஓலைகள் தொட்டாலே நொறுங்கக் கூடியவை. இத்தகைய பிரதிகள் பலவற்றை ஊர் ஊராகத் தேடிப் பெற்று, வரிக்கு வரி ஒப்பிட்டு, பிழை நீக்கி, படியெடுத்து, அச்சுக்கூடத்திலிருந்து வரும் தாள்களை மீண்டும் திருத்த வேண்டும். மின்விளக்கு வீடுகளுக்கு வராத காலம். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட கண்களைக் கொண்டு இதனை ஒரு நாள் இரண்டு நாள் செய்து முடிக்க இயலாது. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் செய்தாலன்றி ஒரு நூல்கூட வெளிவராது. அவரது பதிப்பு நூல்களின் வரிசையே அவரது அன்றாட ஒழுங்குக்குச் சான்று பகர்கின்றது.

இவ்வுழைப்புக்கு ஊற்றாக இருந்த மனநிலையே நம் கவனத்துக்குரியது. 1879 இல் ஆறுமுக நாவலர் மறைந்த பின்னர், தொல்காப்பியம் போன்ற கடின நூல்களைப் பதிப்பிக்கப் பெரும் புலவர்களே தயங்கினர். தவறு நேரின் தம் பெயருக்கு இழுக்கு நேருமே என்ற அச்சம் அவர்களைத் தடுத்தது. இழப்பதற்குப் பெரும் புகழ் தமக்கு இல்லை, ஆதலால் ஏளனத்துக்கு அஞ்சத் தேவையில்லை என்ற துணிவுடன் தாமோதரம்பிள்ளை முன்வந்தார். தம் பதிப்புகளில் பிழைகள் இருக்கக்கூடும் என்பதை அவர் ஒளிக்கவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய, பட்டங்கள் பெற்ற ஒருவர் பலர் முன்னிலையில் மாணவராக நிற்கத் துணிந்தார். நாம் இளமை என்று கருதுவது இத்துணிவையே.

தம்மினும் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் இளையவரான உ. வே. சாமிநாதையரைக் கும்பகோணத்தில் அவர் சந்தித்துப் பழகியதும் இங்கு நினைவுகூரத் தக்கது. சீவக சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பி, ஐயர் திரட்டி வைத்திருந்தவற்றைத் தரும்படி அவர் வற்புறுத்தியதையும், ஐயர் அதற்கு இணங்காததையும் ஐயரின் சுயசரிதையால் அறிகின்றோம். இவ்வற்புறுத்தல் சற்று மிகையானது என்று கருதுவோர் இருக்கலாம். அவர் குறையற்ற மனிதர் என்று நாமும் கூற வரவில்லை. ஆனால் ஓய்வு பெற்ற ஒரு முதியவர் ஓர் இளம் ஆசிரியரிடம் சென்று ஒரு பழைய நூலுக்காக மன்றாடினார் என்பதில் வெளிப்படும் வேட்கையை நாம் மதியாதிருக்க முடியாது.

அவர் உள்ளம் குறுகிய எல்லைகளுக்குள் அடங்கியதுமன்று. சைவராக வாழ்ந்த அவர், பௌத்தர் இயற்றிய வீரசோழியத்தை 1881 இலும், சமணர் இயற்றிய சூளாமணியைப் பின்னரும் பதிப்பித்தார். கிறிஸ்தவப் பாதிரிமாரிடம் கல்வியும் தொழிலும் பெற்றார். ஏழாலையில் 1876 இல் தமிழ்ப் பாடசாலை ஒன்றை நிறுவினார். பிற சமயத்தாரின் நூலையும் தன் தாய்மொழியின் செல்வமாகக் காணும் உள்ளம் எளிதில் கிழடு தட்டுவதில்லை. 1895 இல் ராவ்பகதூர் பட்டம் பெற்ற அவர், 1901 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள், அறுபத்தெட்டாவது வயதில் மறைந்தார்.

இஃது ஒரு சமூகத்தாருக்கு மட்டும் உரிய பாடமன்று. பாணந்துறையில் பிறந்த பேராசிரியர் ம. மு. உவைஸ், தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டு பற்றிய நூலை 1953 இலேயே வெளியிட்டவர். ஐம்பது வயதைக் கடந்த பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, பீ. மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். தாமோதரம்பிள்ளை சென்ற வழியிலேயே அவரும் சென்றார் எனின் மிகையாகாது. முதுமை வருமுன் இளமையையும், நோய் வருமுன் ஆரோக்கியத்தையும் பயன்படுத்திக் கொள்ளுமாறு நபிகள் நாயகம் அவர்கள் அறிவுறுத்தியதை முஸ்லிம் வாசகர்கள் நன்கறிவர்.

இன்றைய மருத்துவமும் இதனையே வேறு சொற்களில் கூறுகின்றது. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024 இல் வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்குக் காரணமாகி நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சுட்டுகின்றது. கல்விக் குறைவு, உடலியக்கமின்மை, தனிமை, கேட்டல் குறைபாடு, சரிசெய்யப்படாத பார்வைக் குறைபாடு, உயர் குருதியமுக்கம், புகைத்தல் என்பன அவற்றுட் சில. இவற்றைக் கவனித்தால் அந்நோயில் ஏறக்குறைய 45 வீதத்தைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ இயலலாம் என்பது அவர்களது கணிப்பு. முதியோரும் வாரத்துக்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கின்றது உலக சுகாதார நிறுவனம். நாளொன்றுக்கு அரைமணி நேரம் நடந்தால் ஐந்து நாளில் அக்கணக்கு நிறைவெய்தும். கண்ணாடி அணிவதையும் காதுக்குக் கருவி பொருத்துவதையும் இழுக்கெனக் கருதி ஒதுங்குவோர் தம் மூளைக்கே தீங்கு செய்கின்றனர்.

2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையரில் 12.4 வீதத்தினர் அறுபது வயதும் அதற்கு மேற்பட்டோருமாக இருந்தனர். யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட, பெரிய வீடுகளில் தனித்திருக்கும் முதியோர் பலர். அவர்களுக்கு நாம் ஒரு வேலையை முன்வைக்க விரும்புகின்றோம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது நம் ஏடுகள் பல அழிந்தன. 1990 இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் தம் தெருக்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். 1995 இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊர் துறந்தனர். அந்நாட்களையும், அவற்றுக்கு முந்திய ஊர் வாழ்வையும், தொழில்களையும், அயலவர் உறவையும் நேரில் அறிந்தோர் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்து நிற்கின்றனர். அவர்களது நினைவுகளும் நொறுங்கும் ஓலைகளே. அவர்களுடன் அவையும் மறைந்துவிடின் மீட்பதற்கு இன்னொரு பிரதி கிடைக்காது.

நாள்தோறும் காலையில் சிறிது நடை, பின்னர் ஒரு பக்கம் எழுத்து, மாலையில் சனசமூக நிலையத்திலோ பள்ளிவாசல் முற்றத்திலோ இளையவர் ஒருவருடன் உரையாடல் என ஓர் ஒழுங்கை வகுத்துக்கொள்ள எவருக்கும் பெருஞ்செலவு ஏற்படாது. எழுதக் கை நடுங்குமாயின் பேரப்பிள்ளையின் கைத்தொலைபேசியில் பேசிப் பதிந்து வைக்கலாம். எழுத்தில் பிழை வருமே என்று அஞ்சத் தேவையில்லை. சிறுப்பிட்டியில் பிறந்த அப்பெரியார் அவ்வச்சத்தை உதறியபோது அவருக்கு வயது ஐம்பது கடந்திருந்தது.