தீக்குத் தப்பிய ஏடுகள்

சம்பந்தர் அனல்வாதத்தில் இட்ட ஏடு தீயில் வேகாமல் பச்சையாகவே இருந்ததென்று பெரியபுராணம் கூறும். இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மூட்டப்பட்ட தீயிலோ இட்ட ஏடுகள் யாவும் வெந்தன. அவ்வாறு எரியுண்ட நூல்களை இயற்றியவருள் ஒருவர், பிறர் ஏடுகளைத் தேடிக் காப்பதில் பெருவிருப்புக் கொண்டிருந்த ஸ்டெஃபான் ஸ்வைக்.

1881 நவம்பர் 28 அன்று வியன்னாவில், நெசவாலை நடத்திய செல்வமிக்க யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே எழுத்தாளர், இசைவாணர் ஆகியோரின் கையெழுத்துப் படிகளைத் திரட்டத் தொடங்கினார். 1908, 1909ஆம் ஆண்டுகளில் இந்தியாவிலும் இலங்கையிலும் பயணம் செய்தார். 1919 முதல் அவர் வாழ்ந்த சால்ஸ்பர்க் குன்றுவீடு நாளடைவில் ஓர் ஏட்டுக் கருவூலமாயிற்று. பேத்தோவனின் எழுதுமேசையும் அவரிடம் இருந்தது. மோட்சார்ட் தம் படைப்புகளை வரிசைப்படுத்தித் தம் கையால் எழுதிய பட்டியல் 1935இல் அவர் கைக்கு வந்தது. அடித்தலும் திருத்தலும் நிறைந்த வரைவுகளையே அவர் பெரிதும் விரும்பினார். ஒரு படைப்பு பிறக்கும் மறைபொருளை அவற்றிலே காணலாம் என்பது அவர் கொள்கை.

1933 மே 10 அன்று ஜெர்மானிய மாணவர்கள் நூல்களைக் குவித்துத் தீயிட்டனர். ஸ்வைக்கின் நூல்களுக்கும் அங்கே தடை வந்தது. 1934இல் காவலர் வீட்டைச் சோதனையிட்டபின் அவர் லண்டன் சென்றார். திரட்டியவற்றுள் பெரும்பகுதியை விற்றார். சிலவற்றை வியன்னாவின் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தார். 1938 ஏப்ரல் 30 அன்று சால்ஸ்பர்க் சதுக்கத்திலும் அவர் நூல்கள் எரிந்தன. 1942 பிப்ரவரியில், பிரேசிலின் பெட்ரோபொலிஸ் நகரில், மனைவியுடன் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார்.

அவர் இறுதியாக எழுதிய சதுரங்கக் கதை அவ்வாண்டே பியூனஸ் அயர்சில் அச்சேறியது. ஜெர்மன் மொழியில் அமைந்த அம்முதற்பதிப்பில் அச்சானவை 300 படிகளே. ஏடு தேடியவரின் ஏடு, தேடப்படும் அரும்பொருளாயிற்று. பிற்காலத்தில் கெயார்க் சால்ஸ்மான் என்ற ஜெர்மானியர், எரிக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களைத் தேடி, முதற்பதிப்புகள் உட்படப் பதினாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சேர்த்தார். அத்தொகுப்பை ஆக்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 2009இல் பெற்றது. மறுபதிப்பு, நூலாசிரியர் எழுதியதைச் சொல்லும். தடைக்கு முன் அச்சாகி இன்றும் எஞ்சிய முதற்பதிப்போ, அதனை ஒப்படைக்க மனமின்றி வைத்துக் காத்த பெயரறியா வாசகரையும் நினைவூட்டும். 1928இல் சென்னை மாகாணத்தில் பாரதி பாடல் நூல்கள் பறிமுதலானதை அறிந்த தமிழுலகுக்கு இதன் அருமை விளங்கும்.

ஸ்வைக்கின் திரட்டில் எஞ்சியதை அவர் வழியினர் 1986இல் பிரிட்டிஷ் நூலகத்துக்கு வழங்கினர். மோட்சார்ட்டின் பட்டியலும் அதனுள் அடங்கும். கடைசி ஏடுகள் சில அப்பட்டியலில் வெறுமையாகவே உள்ளன. மோட்சார்ட் எழுதி நிரப்ப எண்ணியிருந்த இடம் அது. நாடு, வீடு, வாசகர் ஆகிய அனைத்தையும் இழந்த காலத்திலும் அந்த வெற்றேடுகளை விற்காது காத்தவர் ஸ்வைக்.