சிறகை நிற்க வைத்த ஒளி

நம் புதுச்சேரி தாவரவியல் பூங்காவிலோ, வீட்டுச் செம்பருத்தியிலோ தேன்சிட்டு தேன் குடிப்பதைப் பார்க்காதவர் நம்மில் யார்? அது பெரும்பாலும் காம்பில் அமர்ந்தே குடிக்கும். அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழும் ஹம்மிங் பறவையோ பூவின் முன் காற்றிலேயே நின்று குடிக்கும். அவற்றுள் செந்தொண்டைப் பறவை என்பது மூன்று கிராம் எடைதான் இருக்கும். விநாடிக்குச் சுமார் 50 முறை சிறகடிக்கும். ரீங்காரம் காதில் விழும். சிறகு மட்டும் புகைபோல் மங்கித் தெரியும். அந்தச் சிறகை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர்களுள் முதன்மையானவர் ஹெரால்டு எட்ஜர்டன்.

இவர் 1903-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே சிற்றப்பாவிடம் புகைப்படக் கலை கற்றார். விடுமுறைகளில் மின்சாரக் கம்பெனியில் வேலை பார்த்தார். இவ்விரண்டும் பின்னாளில் ஒன்று சேர்ந்தன எனலாம். மின்பொறியியல் படித்து, மேற்படிப்புக்காக மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் சென்றவர், வாழ்நாள் முழுதும் அங்கேயே ஆசிரியராக இருந்துவிட்டார்.

அங்கே சுழலும் மின் மோட்டார்களை ஆராய்ந்தபோது ஒன்றைக் கவனித்தார். விட்டுவிட்டு ஒளிரும் விளக்கின் வெளிச்சம் சுழற்சியோடு ஒத்துப்போனால், சுழலும் பாகம் அசையாமல் நிற்பதுபோல் தோன்றியது. இதை நாமும் அறிவோம். ஐப்பசி மழையிரவில் மின்னல் வெட்டும் அந்தக் கணத்தில், பேயாட்டம் ஆடும் தென்னை ஓலையும் சிலைபோல் நிற்கக் காண்கிறோம் அல்லவா? அந்த மின்னலைத்தான் அவர் கண்ணாடிக் குழாய்க்குள் அடக்கினார். மின்தேக்கியில் சேர்த்து வைத்த மின்சாரத்தை வாயு நிரம்பிய குழாய் வழியே ஒரே வீச்சில் பாய்ச்சினார். கண் கூசும் ஒளி தோன்றிய உடனே அணைந்தது. அதன் ஆயுளை விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கும் சுருக்க முடிந்தது.

அக்காலப் பிளாஷ் பல்புகளின் ஒளி ஏறக்குறைய நூற்றில் ஒரு விநாடி நீடிக்கும். அதற்குள் ஹம்மிங் பறவையின் சிறகு பாதி வீச்சைக் கடந்துவிடும். படத்தில் மிஞ்சுவது மங்கல்தான். எட்ஜர்டனின் ஒளியிலோ சிறகு நகர நேரமே இல்லை. ஆயினும் வெயில் குறுக்கிட்டால் படம் கெட்டுவிடும். ஆகவே பிளாஷ் ஒளி பகல் வெளிச்சத்தை மிஞ்சும்படி அமைக்க வேண்டும். பறவை வரும் இடமும் தெரிந்திருக்க வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரில் ஹோல்டர்னஸ் என்னும் ஊரில் மே ரோஜர்ஸ் வெப்ஸ்டர் என்ற அம்மையார் சர்க்கரைத் தண்ணீர் வைத்து இப்பறவைகளைப் பழக்கியிருந்தார். 1930-களில் எட்ஜர்டன் அங்கே படமெடுத்தார். அந்த அம்மையாரின் பொறுமை இல்லையேல் எத்தனை பெரிய விளக்கு இருந்தும் பயன் என்ன? இறகு இறகாகச் சிறகு தெரிந்தது. காற்றில் நிற்கையில் அது மற்றப் பறவைகளைப்போல் மேலும் கீழும் அடிக்காமல், முன்னும் பின்னுமாக, படுக்க வைத்த எட்டு வடிவில் வீசுவதையும், இரு வீச்சிலும் உடலைத் தாங்குவதையும் அதிவேகப் படங்கள் தெளிவாக்கின.

பால் துளி விழுந்து கிரீடம்போல் எழும் படமும், ஆப்பிளைத் துளைத்துச் செல்லும் துப்பாக்கிக் குண்டின் படமும் அவருடையவையே. ஆனால் தாம் கலைஞர் அல்ல, உண்மையைத் தேடும் பொறியியலாளர் மட்டுமே என்பது அவர் கொள்கை.

அதே ஒளி போருக்கும் போயிற்று. 1944 ஜூனில் நேசப்படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்குமுன், இரவில் விமானத்திலிருந்து தரையைப் படமெடுக்க அவருடைய பெரிய பிளாஷ் விளக்குகளே உதவின. (1940 முதல் நம் புதுச்சேரியும் சுதந்திர பிரான்சின் பக்கம் நின்றது என்பது நினைவுக்கு வருகிறது.) இதை நாம் குறை சொல்ல மாட்டோம். போருக்குப்பின் நண்பர்கள் இருவருடன் சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனம் அணுகுண்டுச் சோதனைகளைப் படமெடுத்தது. வெடித்த கணத்தில் உப்பி எழும் நெருப்புக் கோளம், விநாடியில் பத்து லட்சத்தில் சில பங்கு நேரத்தில் பதிவாயிற்று. சிறகையும் அணுகுண்டையும் ஒரே மனிதரின் திறமை நிறுத்திக் காட்டியது. இப்படங்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போது நமக்கு மனம் கனக்கிறது. அவருக்கோ இரண்டும் ஆராய வேண்டிய உண்மைகளாகவே இருந்திருக்க வேண்டும்.

1953 முதல் பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் கூஸ்தோவின் கலிப்ஸோ கப்பலில் சென்று, ஆழ்கடலின் இருளிலும் தம் விளக்கை எரிய வைத்தார். மாலுமிகள் அவரைச் செல்லமாகப் பாப்பா பிளாஷ் என்று அழைத்தார்கள். கழகத்தில் அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு எந்த மாணவரும் தயக்கமின்றிப் போகலாம். 1990-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள், தம் 86-ஆம் வயதில், அதே கழகத்தின் ஆசிரியர் மன்றத்தில் இருந்தபோது அவர் உயிர் பிரிந்தது.