வெள்ளைப் பசுவும் கன்றும் வகுப்புக்குள் வந்த கதை: யார் இந்தக் கவிமணி?

வீட்டில் மூன்று, நான்கு வயதுக் குழந்தை இருக்கா? அப்போ போனில் தமிழ் ரைம்ஸ் தேடும்போது ஒரு வெள்ளைப் பசுவும் அதன் கன்றுக்குட்டியும் கண்டிப்பாக வந்து போயிருக்கும். நம்மில் பலருக்கு அது சின்ன வகுப்பில் படித்த பாட்டு. அம்மா, அப்பாவிடம் கேட்டால் அவர்களும் முழுசாகச் சொல்வார்கள். ஆனால், எழுதியவர் யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்போம்.

அவர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. சுமார் 36 ஆண்டுகள் வாத்தியாராக இருந்தவர். குழந்தைகளை வகுப்போடு ஒட்டவைக்க ஒரு பாட்டால் என்ன செய்ய முடியும் என்பதை அவருடைய வாழ்க்கையிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

பள்ளியில் மலையாளம், மடத்தில் தமிழ்

தேசிக விநாயகம் 1876-ல் தேரூரில் பிறந்தார். நாகர்கோவிலுக்குப் பக்கத்து ஊர். இன்று அது கன்னியாகுமரி மாவட்டம். அன்றைக்கு திருவிதாங்கூர் சமஸ்தானம். அப்பா சிவதாணுப் பிள்ளை, அம்மா ஆதிலட்சுமி. சின்ன வயசிலேயே அப்பாவை இழந்தார்.

வீட்டிலும் தெருவிலும் பேசியது தமிழ். ஆனால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டியிருந்ததோ மலையாளம். தமிழ் இலக்கணமும் இலக்கியமும் வேண்டுமென்றால் வேறு இடம் தேட வேண்டும். ஊருக்குப் பக்கத்திலேயே திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த மடம் இருந்தது. அங்கிருந்த சாந்தலிங்கத் தம்பிரானிடம் தமிழ் படித்தார்.

வீட்டில் பேசும் மொழி வேறு, வகுப்பில் கேட்கும் மொழி வேறு. அந்த இடைவெளி எப்படி இருக்கும் என்று அவருக்குச் சின்ன வயசிலேயே தெரியும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

வாத்தியாருக்கும் வாத்தியார்

முதலில் கோட்டாறு ஆரம்பப் பள்ளி. பிறகு நாகர்கோவில் போதனாமுறைப் பாடசாலை, அதாவது ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் பள்ளி. கடைசியாகத் திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரி. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள், நாளைய ஆசிரியர்கள், கல்லூரி மாணவிகள் என மூன்று விதமான வகுப்பையும் பார்த்துவிட்டு 1931-ல் ஓய்வு பெற்றார்.

1901-ல் புத்தேரியைச் சேர்ந்த உமையம்மையைத் திருமணம் செய்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. மனைவியின் அக்கா மகனை எடுத்து வளர்த்தார்கள். தமிழ்க் குழந்தைகளுக்காக இவ்வளவு எழுதியவரின் வீட்டு நிலைமை இது. பின்னாளில் வந்த அவருடைய குழந்தைப் பாடல் புத்தகத்துக்குப் பெயர் ‘குழந்தைச் செல்வம்’.

அந்தப் பாட்டில் அப்படி என்ன இருக்கு?

அதற்கு முன்னால் குழந்தைகளுக்குத் தமிழில் பாட்டே இல்லையா? இருந்தது. திண்ணைப் பள்ளியில் ஆத்திசூடி, கொன்றை வேந்தன் எல்லாம் மனப்பாடம். அவை நல்ல நூல்கள்தான். ஆனால் அவற்றில் பெரியவர் பேசுகிறார், குழந்தை கேட்டுக்கொள்கிறது. கவிமணியின் பாட்டில் குழந்தை வேடிக்கை பார்க்கிறது. பசு, கோழி, காக்கை, கிளி, பொம்மைக் கல்யாணம், ஊருக்குள் புதிதாக வந்த சைக்கிள் வரை எல்லாம் அது தினமும் பார்த்து ரசிக்கிற விஷயங்கள்.

இரண்டாவது விஷயம், மொழி. பசுப் பாட்டில் வரும் வினைச்சொற்களைக் கவனியுங்கள். புத்தகத் தமிழின் ‘கிறது’ அங்கே இல்லை. வீட்டுப் பேச்சில் வரும் ‘உது’தான் முடிவாக வருகிறது. ஓடுகிறது என்று சொல்லாமல் ஓடுது என்கிற மாதிரி. பள்ளிக்குள் முதல் தடவை நுழையும் பிள்ளைக்கு எழுத்துத் தமிழும் கிட்டத்தட்ட ஒரு புது மொழிதான். அந்த வாசலில் அதன் சொந்தப் பேச்சையே நிற்கவைத்து வரவேற்கிறது பாட்டு. மலையாளப் பள்ளியில் படித்த தேரூர்ப் பையனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மூன்றாவது, அமைப்பு. ஒரு வரி பசுவுக்கு, அடுத்த வரி கன்றுக்கு என்று மாறி மாறி வரும். இரண்டு தடவை கேட்டாலே அடுத்த வரி எங்கே போய் முடியும் என்று குழந்தை ஊகித்துவிடும். தான் சொன்னது சரியாக வந்தால் அதற்கு ஒரே குஷி. ஒரு வகுப்பையே இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் பசு, மறுபக்கம் கன்று என்று பாட வைக்கலாம். கடைசி பெஞ்சில் வாயே திறக்காத பிள்ளையும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். அர்த்தம் சொல்ல வேண்டிய வார்த்தை என்று பெரிதாக எதுவும் கிடையாது.

அறிவுரையைக்கூட சிரிக்க வைத்துச் சொன்னார்

அவர் புத்திமதி சொல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. உடல்நலம் பற்றிய பாட்டு பல ஆண்டுகள் பள்ளிப் பாடத்தில் இருந்தது. சுத்தம், நல்ல தண்ணீர், காலை மாலை நடை என்று இன்றைய ஃபிட்னஸ் ஆப் சொல்வதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் நடக்கிறவரைப் பார்த்தால் எமனே பயந்து ஓடுவான் என்கிற மாதிரி ஒரு குறும்பு அதில் உண்டு. பிள்ளைகள் மனதில் நிற்பது அந்த எமன்தான். கூடவே புத்திமதியும் நின்றுவிடும்.

பெரியவர்களிடமும் இதே வழிதான். நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் அப்போது மருமக்கள் வழி வழக்கத்தில் இருந்தது. சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போகும். கணவன் போய்விட்டால் மனைவியும் பிள்ளைகளும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். அவர் பிறந்த சமூகத்தின் வழக்கம் இது. அதில் சிக்கிய ஒரு பெண்ணே தன் கதையைச் சொல்வதுபோல ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்ற நீண்ட நையாண்டிக் கவிதையை எழுதினார். 1917, 1918 வாக்கில் ‘தமிழன்’ பத்திரிகையில் வந்தது. 1926-ல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த முறையை மாற்றியது. கவிதை மட்டுமே காரணம் இல்லை, பலருடைய போராட்டம் அது. ஆனால் ஊரைப் பேச வைத்ததில் இந்தப் பாட்டுக்கும் பங்கு உண்டு.

புத்தகம் வந்தது 62 வயதில்

அவருடைய புகழ்பெற்ற தொகுப்பான ‘மலரும் மாலையும்’ 1938-ல்தான் வெளியானது. ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகிவிட்டது. வயது 62. அதில் ‘மழலை மொழி’ என்று குழந்தைகளுக்காகவே ஒரு பகுதி இருக்கிறது. ‘குழந்தைச் செல்வம்’ 1941-ல் வந்தது.

1940-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் நடந்த மாநாட்டில் தமிழவேள் உமாமகேசுவரனார் ‘கவிமணி’ பட்டம் கொடுத்தார். ரசிகமணி டி.கே.சி. போன்றவர்கள் அவர் கவிதையை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். புத்தரின் வாழ்க்கையைச் சொல்லும் ‘ஆசிய ஜோதி’, உமர் கய்யாம் பாடல்கள் என்று மொழிபெயர்ப்பிலும் பேர் வாங்கினார்.

1954 செப்டம்பர் 26 அன்று மறைந்தார். கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1. தன் ஊர் தமிழ் மாநிலத்தில் சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை. 2005-ல் அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

இன்றைக்கு நமக்கு என்ன?

ஒரு சின்ன முரண் பாக்கி இருக்கிறது. பிள்ளைகள் பாடிக் குதிக்க எழுதிய பாட்டு பிறகு மனப்பாடப் பகுதி ஆகிவிட்டது. அடிபிறழாமல் எழுதினால் மார்க், ஆசிரியர் பெயர் எழுதினால் மார்க். பாட்டைப் பார்த்தாலே பயம் வருவது இப்படித்தான்.

இதைச் சரிசெய்ய பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். ஆசிரியரோ, பெற்றோரோ, முதலில் பாடிக் காட்டுங்கள். விளக்கம் அப்புறம் பார்த்துக்கலாம். ஒரு வரி நீங்கள், ஒரு வரி குழந்தை. நன்றாகப் பழகியதும், பசுவுக்குப் பதில் உங்கள் தெரு நாயையும் அதன் குட்டியையும் வைத்துப் புது வரி கட்டச் சொல்லுங்கள். எதுகை மோனை தப்பினால் பரவாயில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளை பசுவைப் பார்த்திருக்காது, லிஃப்டைப் பார்த்திருக்கும். லிஃப்டையே பாடட்டும். தன் காலத்து சைக்கிளைப் பாட்டில் ஏற்றியவர் கவிமணி. அவர் அதைத் தப்பு என்று சொல்லியிருக்க மாட்டார்.