மலையேற்றம் கற்பித்த டென்சிங்

உலகின் மிக உயர்ந்த சிகரமான எவரெஸ்ட்டில் முதன்முதலாகக் கால்பதித்த இருவருள் ஒருவர் டென்சிங் நார்கே. அச்சிகரத்தின் உச்சியில் அவர் நின்றது ஏறத்தாழப் 15 நிமிடங்களே. அதன்பின் 22 ஆண்டுகள் அவர் மலையேற்றம் கற்பிக்கும் ஆசிரியராக விளங்கினார். பலரும் அறிந்தது அந்த 15 நிமிடங்களை. நாம் அறிய வேண்டியது அந்த 22 ஆண்டுகளையும்.

இளமைப் பருவம்

டென்சிங் 1914ஆம் ஆண்டு பிறந்தார். நேபாளத்தின் கும்பு பகுதியில், ஷெர்பா மக்களிடையே, யாக் மேய்த்து வளர்ந்தார். பள்ளிக்குச் சென்று எழுத்தறியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. எனினும், ஷெர்பாக்கள் சோமோலுங்மா என்று வணங்கும் எவரெஸ்ட் சிகரம் அவர் உள்ளத்தை ஈர்த்தது. மலையேறும் குழுவினர் டார்ஜிலிங்கில் ஆள் சேர்ப்பதைக் கேள்வியுற்றார். தம் 18ஆம் வயதில் வளர்ந்த மண்ணை விட்டு அவ்வூரை அடைந்தார்.

புதிய ஊரில் வேலை எளிதில் கிடைக்கவில்லை. 1933இல் புறப்பட்ட எவரெஸ்ட் குழுவில் அவருக்கு இடம் கிட்டவில்லை. ஈராண்டுகள் காத்திருந்தார். 1935இல் எரிக் ஷிப்டன் தலைமையிலான குழுவில் சுமைதூக்குபவராகச் சேர்ந்தார். மலையேற்றம் கற்பிக்கும் பள்ளி எதுவும் அந்நாளில் இந்தியாவில் இல்லை. எனவே, முதுகில் சுமையோடு நடந்தவாறே, பிறர் செய்வதைக் கண்டு அக்கலையைக் கற்றார்.

கயிற்றின் மறுமுனை

1953இல் ஜான் ஹன்ட் தலைமையிலான குழுவில் டென்சிங் இடம்பெற்றார். பனிச்சரிவு ஒன்றைக் கடக்கையில், எட்மண்ட் ஹிலாரியின் காலடியில் பனி உடைந்தது. அவர் ஆழ்ந்த பிளவினுள் விழுந்தார். இருவரும் ஒரே கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்தனர். டென்சிங் நொடியும் தாமதியாமல் பனிக்கோடரியை ஊன்றி, கயிற்றை இறுகப் பற்றித் தோழரைக் காத்தார். அவ்வாண்டு மே 29ஆம் நாள் இருவரும் எவரெஸ்ட்டின் உச்சியை அடைந்தனர்.

மாணவரும் ஆசிரியரும்

இந்திய இளைஞர்களுக்கு மலையேற்றம் கற்பிக்க ஒரு நிறுவனம் வேண்டும் எனப் பிரதமர் நேரு விரும்பினார். அதன் பயனாக, 1954 நவம்பர் 4ஆம் நாள் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தோன்றியது. மேஜர் நரேந்திர தர் ஜெயால் அதன் முதல்வரானார். டென்சிங் களப்பயிற்சி இயக்குநரானார்.

ஏறத் தெரிந்தவர் அனைவர்க்கும் கற்பிக்கத் தெரிந்துவிடுவதில்லை. ஆகவே அவ்வாண்டில் டென்சிங் சுவிட்சர்லாந்து சென்று, மலை வழிகாட்டிகளிடம் பயிற்றும் முறையைக் கற்றார். உலகமே போற்றிய வீரர் மீண்டும் மாணவரானார்!

புதியவர்க்கான பயிற்சி டார்ஜிலிங்கை அடுத்த பாறைகளில் தொடங்கும். முதலில் கயிற்றில் முடிச்சிடக் கற்பர். பாறையில் ஒரு கையையோ ஒரு காலையோ நகர்த்தும்போது, ஏனைய மூன்றும் உறுதியாக ஊன்றியிருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. பின்னர் மேற்குச் சிக்கிமின் பனிமலைக்குச் செல்வர். அங்கு, வழுக்கி விழுந்தால் பனிக்கோடரியால் தம்மைத் தடுத்து நிறுத்தப் பழகுவர். உயரம் செல்லச் செல்லக் காற்றில் உயிர்வளி குறைவதால், உடல் அதற்குப் பழகுமாறு மெல்ல மெல்ல ஏறுவர். ஒரே கயிற்றில் செல்வோருள் ஒருவர் தவறினாலும் அனைவர்க்கும் ஆபத்து நேரும். ஆதலால், தம்முடன் வருபவரைக் காப்பதும் பயிற்சியின் இன்றியமையாத பகுதியாகும்.

நிறைவு

பல மொழிகளைப் பேசிய டென்சிங், நூல்களைப் படிக்க அறியாதவர். ஆயினும், படித்த இளைஞர் பலர்க்கு ஆசானாக விளங்கினார். இந்திய அரசு 1959இல் அவருக்குப் பத்ம பூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. 1976இல் அவர் ஓய்வுபெற்றபின், அவருடைய உறவினரான நவாங் கோம்பு அப்பணியை ஏற்றார். எவரெஸ்ட் சிகரத்தை இருமுறை அடைந்த முதல் மனிதர் இவரே.

1986 மே 9ஆம் நாள் டென்சிங் டார்ஜிலிங்கில் மறைந்தார். தாம் பணியாற்றிய நிறுவன வளாகத்திலேயே அவரது உடல் எரியூட்டப்பட்டது. அங்கு இன்று அவருடைய சிலை நிற்கிறது. அதனருகே, புதிதாகப் பயில வரும் இளைஞர்கள் தம் முதல் முடிச்சை இடக் கற்கின்றனர்.