திராட்சத்தோட்டத்தில் பாஸ்டர்

லூயி பாஸ்டர் என்றவுடன் வெறிநாய்க்கடிக்கு அவர் கண்ட மருந்தே யாவர்க்கும் நினைவில் எழும். ஆயின் அன்னாரது நெஞ்சின் நேர்மையை அறிய விரும்புவோர், ஒரு சிறிய திராட்சத்தோட்டத்தில் அவர் செய்த சோதனையை நோக்குதல் வேண்டும்.

பாஸ்டர் 1822 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27 ஆம் நாள் பிரான்சு தேசத்து டோல் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடுந் தொழிலினர். கொடிமுந்திரி செழித்த ஆர்புவா என்னும் சிற்றூரிலே இவரது இளமை கழிந்தது. பின்னர் இரசாயனப் பேராசிரியராகி, பழச்சாறு மதுவாக மாறுதல் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரின் செயலே என நாட்டினார். 1868 இல் வாதநோய் இவரது இடப்பக்கத்தைத் தாக்கியது, ஊக்கமோ தளர்ந்திலது.

உடலியலறிஞர் கிளோத் பெர்னார் இவருடைய அரிய நண்பர். 1866 இல் பெர்னார் நோயுற்றுச் சோர்ந்திருந்தபோது, அவர்தம் பணிகளைப் பாராட்டிப் பத்திரிகையில் எழுதித் தேற்றியவர் பாஸ்டரே. அந்நண்பர் 1878 பிப்ரவரியில் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகள் சில திங்களில் அச்சேறின. அழுகும் திராட்சையில் ஈஸ்ட் இன்றியே மதுசாரம் தோன்றும் என்பது அவற்றின் கருத்து. அது பாஸ்டரது வாழ்நாட் கொள்கையையே மறுப்பதாயிற்று.

வாளாவிருப்பின் தாம் கண்ட உண்மையைக் கைவிட்டவராவார். வாதிடின், விடை கூற இயலாத நண்பரோடு வழக்காடியவராவார். என் செய்வது? சொல்லால் வாதிடுமுன் கொடியையே வினாவத் துணிந்தார். ஆர்புவாவை அடுத்த தம் தோட்டத்தில், காய்கள் பசுமையாயிருக்கும்போதே சில கொடிகளைக் கண்ணாடி மனைகளால் மூடுவித்தார். சில குலைகளைத் தூய பஞ்சினாற் பொதிந்தார். அக்டோபரில் அவை கனிந்தன. காத்த கனிகளின் சாறு நொதியாதே நின்றது; திறந்தவெளிக் கனிகளின் சாறு விரைவில் நொதித்துப் பொங்கியது. கனி முதிருங்கால் புறத்திருந்து வந்து தோலிற் குடியேறும் ஈஸ்டே நொதித்தலுக்குக் காரணம் என்பது வெளியாயிற்று. 1879 இல் இவ்வாராய்ச்சியை நூலாக வெளியிட்டார்.

ஆயினும் பெர்னாரின் எண்ணம் முற்றும் வீணன்று. 1897 இல் பூக்னர் என்னும் ஜெர்மானியர், ஈஸ்டை அரைத்துப் பிழிந்த உயிரற்ற சாறும் சர்க்கரையை நொதிப்பிக்கும் எனக் காட்டினார். அதனைக் காண இரு நண்பரும் உயிரோடில்லை. பாஸ்டர் 1895 செப்டம்பர் 28 ஆம் நாள் மறைந்தார்.

கனியின் தோல் நுண்ணுயிர்களின் குடியிருப்பு என்னும் இவ்வுண்மையோடு, பாஸ்டர் கண்ட மற்றொன்றையும் சேர்த்தெண்ணுதல் தகும். 1877 இல் ழூபேர் என்பாருடன் கூடி, அடைப்பான் நோய்க் கிருமியின் வளர்ச்சியை வேறு சாதாரணக் கிருமிகள் தடுத்துவிடுதலை அவர் கண்டார். ஓருயிர் மற்றோருயிரை அடக்கும் இவ்வியல்பே இன்று பறித்த கனிகளைக் காக்கப் பயன்படுகின்றது. கொய்த கனியிற் சிறு காயம் பட்டால், பூஞ்சணத்தின் வித்துக்கள் அவ்வழியே புகுந்து அழுகலை உண்டாக்கும். தீங்கற்ற ஈஸ்டை முன்னரே அக்காயத்தில் இடின், அஃது இடத்தையும் உணவையும் கைக்கொண்டு பகைவனைப் பட்டினியிடும். 1984 இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒரு பாக்டீரியாவைக் கொண்டு பீச் கனியின் அழுகலைத் தடுத்தனர். 1995 இல் கான்டிடா ஒலியோபிலா என்னும் ஈஸ்டாலாகிய ஆஸ்பயர் என்னும் மருந்து அந்நாட்டில் அனுமதி பெற்றது. இஸ்ரேல் நாட்டுத் திராட்சையினின்றே பெற்ற மற்றோர் ஈஸ்ட், மெட்ஷ்னிகோவியா பிரக்டிகோலா என 2001 இல் பெயரிடப்பெற்றது. அழுகலைத் தடுக்கும் காவலன் கனியின் தோலிலேயே வாழ்கின்றான் என்பது வியப்பன்றோ!

இப்பயனைப் பாஸ்டர் கருதினாரல்லர். நண்பர்பால் அன்பு குன்றாது, உண்மையையும் விடாது, ஐயம் தீரும்வரை உழைத்தார், அவ்வளவே. அவ்வுழைப்பின் கனியோ இன்னும் அழுகாதிருக்கின்றது.