கியூரி அம்மையாரும் கதிர் மருத்துவமும்

மாந்தர்க்கு வரும் பிணிகளுள் புற்றுநோயைப் போல் அச்சம் விளைப்பன சிலவே. நெடுங்காலமாக அதற்குப் பெரும்பாலும் கத்தியே மருந்தாக இருந்தது. கத்தி செல்லவியலாத இடத்தும் கதிர் செல்லும் என்னும் உண்மை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. அதற்கு அடிகோலியவருள் தலையாயவர் கியூரி அம்மையார். அவர் ரேடியத்தைக் கண்டறிந்தவர் என்பதை யாவரும் அறிவர். அதனை அளந்து மருத்துவர் கையிற் கொடுத்தவரும் அவரே என்பதைப் பலர் நினைப்பதில்லை. ஆதலின், அவர்தம் வாழ்க்கையில் அப்பகுதியையே சிறப்பாக ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

அம்மையார் 1867-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் போலந்து நாட்டு வார்ஸா நகரிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா என்பது. தந்தையார் பௌதிகமும் கணிதமும் கற்பித்த ஆசிரியர். பத்து வயதிலேயே அன்னையாரைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். அக்காலத்து வார்ஸா ருஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது; ஆங்குப் பெண்கள் பல்கலைக்கழகத்திற் புகுதல் இயலாது. எனவே தமக்கை பிரோன்யா பாரிஸிற் சென்று மருத்துவம் பயில, மரியா பிறர் இல்லங்களில் ஆசிரியப் பணி செய்து பொருள் அனுப்பி வந்தார். பின்னர்த் தமக்கையின் துணைகொண்டு 1891-இல் தாமும் பாரிஸ் சேர்ந்து, 1893-இல் பௌதிகத் தேர்வில் முதல்வராகத் தேறினார். 1895-இல் பியர் கியூரி என்னும் விஞ்ஞானியை மணந்தார்.

1896-இல் பெக்கெரல் என்பார் யுரேனிய உப்புக்கள் தாமே ஒருவகைக் கதிர் வீசுதலைக் கண்டார். அதனை ஆராயப் புகுந்த அம்மையார் மேற்கொண்ட வழி அளத்தலே. கதிர் பட்ட காற்றில் எழும் மிக நுண்ணிய மின்னோட்டத்தைப் பியரும் அவர் தமையனாரும் அமைத்த கருவியின் துணையால் அளந்தார். பிட்ச்பிளெண்டு என்னும் கனிப்பொருள், தன்னுள் அடங்கிய யுரேனியத்தின் அளவிற்கு மேற்பட்ட கதிரை வீசிற்று. அம்மிகுதிக்குக் காரணம் யாதெனத் தேடியதன் பயனாக 1898-இல் பொலோனியம், ரேடியம் என்னும் இரு தனிமங்கள் புலனாயின. அதன்பின், மழை ஒழுகும் கொட்டகை ஒன்றில் டன் கணக்கான கனிப்பொருளைக் காய்ச்சியும் வடித்தும், 1902-இல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியக் குளோரைடைப் பிரித்தெடுத்தார். 1903-இல் பௌதிகத்திற்குரிய நோபெல் பரிசு பெக்கெரலுக்கும் கியூரி தம்பதியர்க்கும் வழங்கப்பட்டது. ரேடியத்தைப் பிரிக்கும் முறைக்குத் தனியுரிமை பெற்றுப் பெருஞ்செல்வம் ஈட்ட அவ்விருவரும் விரும்பினாரிலர்.

இனி, இப்பொருள் மருந்தான வரலாற்றைக் காண்போம். ரேடியம் அடங்கிய சிறு குப்பியைச் சட்டைப்பையில் வைத்திருந்த பெக்கெரலின் உடலிற் புண் தோன்றிற்று. பியர் வேண்டுமென்றே தம் கையிற் பல மணி நேரம் அதனைக் கட்டிவைத்து, உண்டான புண்ணின் போக்கை நாள்தோறும் குறித்துவந்தார். நல்ல தசையை அழிக்கவல்லது தீய தசையையும் அழிக்குமன்றோ? 1901-இல் தான்லோ என்னும் பாரிஸ் மருத்துவர் பியரிடம் ரேடியத்தைப் பெற்றுத் தோல் நோய்களுக்கு இட்டு ஆராய்ந்தார். சில ஆண்டுகளில், சிறு குழாயின் வழியே ரேடியத்தைச் செலுத்திப் புராஸ்டேட் சுரப்பியின் புற்றையும் பாரிஸ் மருத்துவர் தாக்கத் தொடங்கினர். புற்றின் அருகிலேயே கதிர்ப்பொருளை வைக்கும் இம்முறை பிரெஞ்சு மொழியில் கியூரியின் பெயராலேயே வழங்குகின்றது.

ஆயினும் ஒரு பெருங்குறை நின்றது. ஒரு மருத்துவமனையில் இட்ட ரேடியத்தின் அளவும் மற்றொன்றில் இட்டதன் அளவும் ஒன்றா என்று அறிய உரைகல் இல்லை. அளவு தெரியாத மருந்து நஞ்சினும் கொடிது. 1906-இல் பியர் வண்டியின்கீழ் அகப்பட்டு உயிர்துறந்தார். அத்துயரைத் தாங்கி, கணவர் வகித்த ஆசிரியப் பதவியை ஏற்ற அம்மையார், 1911-இல் ஏறத்தாழ 22 மில்லிகிராம் ரேடியக் குளோரைடைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து உலகிற்கு ஒரு படியளவாக அமைத்துத் தந்தார். அவ்வாண்டே ரசாயனத்திற்குரிய நோபெல் பரிசும் அவரை அடைந்தது.

பாரிஸ் ரேடியம் நிலையத்தில் ஒரு பகுதியை அம்மையாரும், உயிர்நூற் பகுதியை ரெகோ என்னும் மருத்துவரும் நடத்தினர். கதிரை ஒரே முறையிற் பொழியாது பல நாட்களிற் பகுத்துச் செலுத்தின், தோல் பெரிதும் கெடாமல் உள்ளுறுப்பில் வேண்டிய பயன் விளையுமென்பதை ரெகோ விலங்குகளில் ஆராய்ந்து காட்டினார். முதல் உலகப்போரின்போது அம்மையார் எக்ஸ் கதிர்க் கருவிகளை மோட்டார் வண்டிகளில் ஏற்றி, தம் மகள் ஐரீனுடன் போர்முனை மருத்துவமனைகளுக்குச் சென்று, வீரர் உடலிற் புதைந்த குண்டுகளைக் காட்டிக்கொடுத்தார்.

அளவும் இடமும் பிழையாது கதிர் செலுத்தும் அந்நெறி இன்றும் வளர்ந்து வருகின்றது. புராஸ்டேட் சுரப்பி மூத்திரப்பைக்குக் கீழும் மலக்குடலுக்கு முன்னும் அமைந்தது. கதிரை மிகுத்தால் அவ்விரண்டும் கெடும், குறைத்தால் புற்று மீளும். 2009 முதல் 2015 வரை நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும், புற்று மீளும் அபாயம் நடுத்தரமாகவோ மிகுதியாகவோ உடைய 571 ஆடவர் ஒரு சோதனைக்கு உட்பட்டனர். எல்லார்க்கும் சுரப்பி முழுவதும் 77 கிரே அளவு கதிர் தரப்பட்டது. திருவுளச்சீட்டுப் போலத் தெரிந்தெடுத்த ஒரு பாதியினர்க்கு, காந்தப் படத்தில் தெரிந்த புற்றின்மேல் மட்டும் அது 95 கிரே வரை உயர்த்தப்பட்டது. அருகுள்ள உறுப்புக்கு ஊறு நேருமெனின் அவ்வுயர்வு குறைக்கப்பட்டது. ஐந்தாண்டின் முடிவில், இரத்தச் சோதனையில் நோய் மீண்ட குறி காணப்படாதோர் முதற்கூட்டத்தில் நூற்றுக்கு 85. குறிவைத்துக் கதிர் பெற்றோரில் 92. பக்கத் தீங்குகள் பெரிதும் மிகவில்லை. அக்காலத்திற்குள் உயிர்வாழ்வோர் தொகையில் வேறுபாடு தோன்றவில்லை என்பதையும் உடன் சொல்லுதலே முறை.

அம்மையார் 1934-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4-ஆம் நாள், இரத்தம் ஊறாமையால் வரும் சோகை நோயால் இறந்தார். நெடுநாட் கையாண்ட ரேடியமும் போர்க்காலத்து எக்ஸ் கதிரும் அதற்குக் காரணமென்பர். தம் பொருளால் தமக்குத் தீங்கு வருமென்பதை அவர் நெடுங்காலம் ஏற்றுக்கொள்ளத் தயங்கினார். அவர் எழுதிய குறிப்பேடுகள் இன்றும் கதிர் வீசுதலால் ஈயப்பெட்டியுள் வைக்கப்பட்டுள்ளன. 1995-இல் அவர்தம் உடல் பிரெஞ்சு நாட்டுப் பெரியோர் துயிலும் பாந்தியனில் வைக்கப்பெற்றது; தம் சொந்தத் தகுதியால் அவ்விடம் பெற்ற முதற் பெண்மணி அவரே.

பிறர்க்கு ஊறு நேராவண்ணம் ரேடியத்திற்கு அளவு வகுத்த அம்மையார், தம் உடலிற் புகுந்ததை அளந்தாரிலர். இன்று நோயாளியின் உடலிற் சேரும் ஒவ்வொரு கிரேயும் கணக்கிடப்படுகின்றது. கதிரிடைப் பணி செய்வோர் மேற்படும் அளவும் அவர் மார்பில் அணியும் சிறு கருவியிற் பதிவாகின்றது. ஆராய்ச்சிக் கூடத்திற் புகும் நம்மனோர் அவ்வம்மையாரின் பொறுமையோடு, அவர் தம்மளவிற் கொள்ளாது விட்ட அவ்வெச்சரிக்கையையும் உடன்கொண்டு செல்வோமாக.